மெட்ரோவா, தனித்தடப் பேருந்தா, ரயிலா, டவுன் பஸ்ஸா? மதுரைக்காரர் எதைக் கேட்பது

2025 நவம்பரில் மதுரை, கோவை மெட்ரோ திட்ட அறிக்கைகளை மத்திய அரசு திருப்பி அனுப்பியது. அன்றிலிருந்து பழங்காநத்தத்தில் எங்கள் தெருவில் நாலு பேர் கூடினால் இதே பேச்சுதான். ஒருவர், "ஆக்ராவுக்கு உண்டு, போபாலுக்கு உண்டு, மதுரைக்கு மட்டும் கிடையாதா?" என்று கொதிக்கிறார். இன்னொருவர், "அந்தக் காசில் ஊர் முழுக்க பஸ் விடலாமே" என்கிறார். மூன்றாமவர் திருநகரைத் தாண்டி மனை வாங்கிப் போட்டவர். அவர் வாயே திறப்பதில்லை, எல்லாவற்றையும் கூர்ந்து கேட்டுக்கொள்கிறார்.

எனக்கு வருகிற கடிதங்களிலும் இதே மூன்று குரல்கள்தான். கேள்வியும் ஒன்றுதான்: வார்டு கூட்டத்தில், சட்டமன்ற உறுப்பினரிடத்தில், எதைக் கேட்டு நச்சரிப்பது? எல்லாவற்றையும் கேட்டால் எதுவும் கிடைக்காது என்பது நமக்குத் தெரியும்.

திருப்பி அனுப்பியதற்குச் சொன்ன காரணம் மக்கள்தொகை. 2017-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கை 20 லட்சம் பேராவது உள்ள நகரத்தைப் பற்றிப் பேசுகிறது. 2011 கணக்கில் மதுரை, சுற்றுப்புறங்களையும் சேர்த்தே 15 லட்சத்தை எட்டவில்லை. மதுரைக்குத் தனித்தடப் பேருந்தே பொருந்தும் என்ற கருத்தும் அதோடு சேர்ந்து வந்தது. ஆக்ராவும் போபாலும் அதே 2011 கணக்கில் 20 லட்சத்துக்குக் கீழேதான் இருந்தன என்பது உண்மை. ஆகவே கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தில் நாம் ஜெயித்தாலும், நம் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழி எளிதாகுமா என்பது தனிக் கேள்வி. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

## எதை வைத்து அளப்பது

வண்டியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் மெட்ரோதான் ஜெயிக்கும். குளிர்சாதனம் உண்டு, நேரம் தவறாது, பார்க்கவும் அழகு. ஆகவே வண்டியைக் கொஞ்சம் மறந்துவிட்டு, அளவுகோலை முதலில் எழுதிக்கொள்வோம்.

முதலாவது, வாசலிலிருந்து வாசல் வரை ஆகும் நேரம். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது அதில் ஒரு பகுதிதான். நிறுத்தம் வரை நடப்பது, காத்திருப்பது, வண்டி மாறுவது, இறங்கி நடப்பது எல்லாம் அதில் அடக்கம். சித்திரை வெயிலில் நிழலில்லாமல் கால் மணி நேரம் நிற்பதும் குளிர்ந்த பெட்டியில் கால் மணி நேரம் உட்கார்வதும் கடிகாரத்துக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்றல்ல.

இரண்டாவது, யார் ஏறுவார்கள், என்ன கொடுப்பார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதன் பிறகு எந்தத் திட்டத்தையும் அந்தப் பூஜ்யத்தோடு ஒப்பிட்டுத்தான் பேச முடியும்.

மூன்றாவது, தெரு என்ன இழக்கும். மதுரைக்குத் தெருவை இடித்துக் கட்டுவது புதிதல்ல. 1840-களை ஒட்டி கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். தூர்த்துக் கொடுப்பவருக்கு அந்த நிலம் என்பது ஏற்பாடு. வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படிப் பிறந்தவை. அளந்தவரும் கட்டியவரும் தெருப்பெயராகத் தங்கிவிட்டார்கள், கலெக்டருக்கு விளக்குத்தூண் நிற்கிறது. இன்று தூர்ப்பதற்கு அகழி இல்லை. எடுக்கிற ஒவ்வொரு அடியும் யாரோ ஒருவருடைய கடை, திண்ணை, வேப்பமரம்.

நான்காவது, எத்தனை ஆண்டு. ஐந்தாவது, கட்டி முடித்த பிறகு ஆண்டுதோறும் யார் செலவழிப்பது. ஆறாவது மதுரைக்கு மட்டுமே உரியது: சித்திரைத் திருவிழா. மாசி வீதிகளில் தேர் ஓடும் நாளிலும், அழகர் புதூர், தல்லாகுளம் வழியாக வைகைக்கு இறங்கும் நாளிலும் இந்த ஊரின் போக்குவரத்து தலைகீழாகும். அந்த நாட்களில் வளைந்து கொடுக்காத எந்த ஏற்பாடும் இந்த ஊருக்குப் பாதிதான் பொருந்தும்.

## மெட்ரோ

திட்டமிட்ட தடம் திருமங்கலத்தில் தொடங்கி, திருப்பரங்குன்றம், பசுமலை, ரயில் நிலையம், கோரிப்பாளையம், மாட்டுத்தாவணி வழியாக ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டர். நகரின் நடுவே ஐந்து கிலோமீட்டர் அளவு சுரங்கம், மீதி தூண்களின் மேல். மதிப்பீடு 11,300 கோடி ரூபாயை ஒட்டி. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 350 கோடி.

இதன் பலம் நீண்ட பயணம். திருமங்கலத்தில் வீடு, ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்றக் கிளையில் வேலை என்றால் இன்று பேருந்து மாறி மாறிப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேலே போய்விடும். மெட்ரோ நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. அப்படியானால் ஒரு மணி நேரத்தில் கை கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம். மழை, ஊர்வலம், அரசியல் கூட்டம் எதுவும் தடுக்காது. இதற்கு ஈடான வண்டி வேறு இல்லை. இதை மறுப்பவர் பொதுக்கூட்டத்தில் கைதட்டு வாங்கலாம், உண்மை பேசியவர் ஆகமாட்டார்.

செலவுப் பட்டியலில் வராத செலவுகள் வேறு.

கட்டணத்திலிருந்து தொடங்குகிறேன். சென்னை மெட்ரோவில் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 10 ரூபாய், பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேலே போனால் 40, இருபத்தொன்றையும் தாண்டினால் 50. இதே அளவில் மதுரையிலும் வைத்தால், இன்று இலவசமாகப் போகிற பெண்ணுக்குப் போகவர 60, 80 ரூபாய் ஆகும். அவர் மெட்ரோவில் ஏறமாட்டார், பஸ்ஸிலேயே போவார் என்று சொல்லிவிடலாம். பஸ் இருந்தால் போவார். மெட்ரோ வந்த பிறகு அதே தடத்தில் ஓடும் பேருந்துகளைக் குறைத்து, நிலையத்துக்கு ஆள் கொண்டுவந்து விடும் இணைப்பு வண்டிகளாக மாற்ற வேண்டும் என்பதே வழக்கமான திட்டம். ஏட்டில் அது சரியாகத்தான் இருக்கும். திருப்பரங்குன்றத்தில் ஏறி கோரிப்பாளையத்தில் இறங்கும் ஒருவருக்கு நேர் பஸ் போய், இரண்டு மாற்றமும் ஒரு கட்டணமும் வந்து சேரும்.

அடுத்தது கட்டும் காலம். சென்னையில் 2009-இல் தோண்டத் தொடங்கி, முதல் துண்டு 2015 ஜூன் மாதம் ஓடியது. முதல் கட்டம் முழுதாக முடிய 2019 ஆனது. அண்ணா சாலைக்காரர்கள் அந்த ஆண்டுகளை எப்படிக் கழித்தார்கள் என்று அங்கே கடை வைத்திருந்த யாரையாவது கேளுங்கள். 2017 ஏப்ரலில் அந்தச் சாலையே உள்வாங்கி ஒரு பஸ்ஸும் காரும் குழிக்குள் இறங்கின. சென்னையிலாவது அண்ணா சாலைக்கு மாற்று வழி உண்டு. கோரிப்பாளையத்தை மூடினால் வைகையைத் தாண்ட நமக்கு எத்தனை வழி? மேம்பாலப் பணிக்கே அங்கே பட்ட பாடு போதாதா?

மூன்றாவது, ஒரு கோடு. வில்லாபுரம், அவனியாபுரம், செல்லூர், ஆனையூர், கூடல் நகர் எதுவும் அந்தக் கோட்டில் இல்லை. கோட்டில் இருக்கும் பகுதிகளுக்கு நிலத்தின் விலை ஏறும். திருநகர் நண்பரின் மௌனத்துக்குக் காரணம் அதுதான். விலை ஏறினால் வீட்டுக்காரருக்கு லாபம். குடக்கூலிக்கு இருப்பவர் கோட்டிலிருந்து இன்னும் தள்ளிப் போவார். நிலையத்தைச் சுற்றி உயர உயரக் கட்ட அனுமதிப்பது மெட்ரோக் கொள்கையின் ஒரு பகுதியே. யாருக்காக உயரும் என்பதை அந்தக் கொள்கை சொல்வதில்லை.

கடன் விஷயத்தில் ஒரு நியாயத்தையும் பதிவு செய்ய வேண்டும். மெட்ரோவுக்கான பணத்தில் பெரும்பகுதி வெளிநாட்டு வங்கிக் கடனாக வருவதே வழக்கம். "அந்தப் பணத்தை பஸ்ஸுக்குக் கொடுங்கள்" என்று சொன்னால் அது அப்படியே மாறி வராது. கடன் திட்டத்தோடு வருகிறது, திட்டம் போனால் கடனும் போகிறது. பஸ் கட்சிக்காரர்கள் இதை மறைத்துப் பேசுகிறார்கள். ஆனால் கடனைத் திருப்புவது நம் மாநிலக் கருவூலம், அங்கே எல்லாப் பணமும் ஒரே பணம்.

மெட்ரோ சரியான தேர்வாகும் இடம்: முப்பது கிலோமீட்டர் நீளத்துக்கு வேலையும் வீடும் இரு முனையிலும் பரவிய ஊர், பத்து ஆண்டு காத்திருக்கப் பொறுமை உள்ளவர், பேருந்துகளைக் குறைக்கமாட்டோம் என்று எழுத்தில் தரும் அரசு. முதலாவது மதுரையில் உருவாகிக்கொண்டிருக்கிறது. மூன்றாவதை நான் எங்கும் பார்த்ததில்லை.

## தனித்தடப் பேருந்து

சாலையின் நடுவே பேருந்துக்கு மட்டும் ஒரு தடம். மற்ற வண்டிகள் நுழையக் கூடாது. நடைமேடை உயரத்தில் நிலையம், டிக்கெட் முன்கூட்டியே. மெட்ரோவின் ஒழுங்கில் பாதியை அதன் செலவில் ஒரு சிறு பங்கில் தருவது. காகிதத்தில் மதுரைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

இந்தியாவில் அதன் சரித்திரத்தைப் பார்த்தால் சட்டை அடிக்கடி கிழிகிறது. டெல்லியில் 2008-இல் 5.8 கிலோமீட்டருக்குப் போட்டார்கள், 2016-இல் பெயர்த்தெடுத்தார்கள். போபாலிலும் 2024-இல் எடுத்துவிட்டார்கள். இந்தூரில் 2013-இல் ஓடத் தொடங்கிய தடத்தை அகற்ற 2025-இல் உயர் நீதிமன்றமே சொன்னது. மூன்று இடத்திலும் மனக்குறை ஒன்றே: பஸ் தடம் காலியாகக் கிடக்கிறது, நாங்கள் நெரிசலில் நிற்கிறோம். அந்தக் காலியான தடத்தில் ஒரு பஸ் போனால் அறுபது பேர் போகிறார்கள் என்பது கார்க் கண்ணாடி வழியாகத் தெரிவதில்லை. அகமதாபாத்தில் 2009-இல் தொடங்கியது இன்னும் ஓடுகிறது. நமக்கு நெருங்கிய ஒப்புமை ஹுப்பள்ளி–தார்வாட். மதுரைபோல நடுத்தர அளவு, 22 கிலோமீட்டர், 2018 முதல். ஆனால் அங்கே இரண்டு ஊர்களுக்கு நடுவே இருந்த நெடுஞ்சாலையை அகலப்படுத்தித்தான் தடம் போட முடிந்தது.

மதுரையில் எங்கே அந்த அகலம்? பைபாஸ் ரோட்டில் பழங்காநத்தம் முதல் காளவாசல் வரை ஓரளவு. மாட்டுத்தாவணியிலிருந்து ஒத்தக்கடை, மேலூர்ப் பக்கம் தாராளமாக. சுற்றுச்சாலையில் இடம் உண்டு, ஆனால் அங்கே நிற்கும் பயணி குறைவு. சிம்மக்கல், கீழவாசல், தெற்குவாசல் பக்கம் பேச்சே எடுக்காதீர்கள். நத்தம் சாலையில் இடம் இருந்தது. ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளமான மேம்பாலம் 2023-இல் திறந்தபோது அதன் தூண்கள் அந்த நடுவிடத்தை எடுத்துக்கொண்டன. மேம்பாலத்தின் மேல் நிறுத்தம் கிடையாது. மேலே போகிறவர் ஊரைத் தாண்டிப் போகிறவர், ஊருக்குள் இறங்க வேண்டியவர் கீழே தூண்களுக்கு இடையே பஸ்ஸுக்கு நிற்கிறார். இந்த ஊரில் கட்டிய ஒவ்வொரு மேம்பாலமும் தனித்தடத்துக்கு எதிராகப் போட்ட ஒரு வாக்கு. மேம்பாலத்துக்குத் திறப்பு விழாவில் கைதட்டிவிட்டு இப்போது பஸ் தடம் கேட்கிறோம்.

மறைந்த செலவு இங்கே காவல்துறை. தடத்தில் புகும் இருசக்கர வண்டியை ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு சந்திப்பிலும் தடுக்க வேண்டும். முதல் மாதம் தடுப்பார்கள்.

ஆகவே முழுத் தடமாக இல்லாமல் துண்டு துண்டாகக் கேட்பது புத்திசாலித்தனம். சிக்னலுக்கு முன்னால் இருநூறு மீட்டர் மட்டும் பஸ்ஸுக்கு இடம், சிக்னலில் பஸ்ஸுக்கு முதல் பச்சை. நேரம் கரைவது சந்திப்புகளில்தான், நடுவழியில் இல்லை. காளவாசலிலும் பழங்காநத்தத்திலும் செய்து பார்க்க ஒரு மாதமும் கொஞ்சம் பெயின்ட்டும் போதும். தோற்றால் அழித்துவிடலாம்.

## இருக்கிற தண்டவாளம்

இந்த வழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதே எனக்கு வியப்பு. திருமங்கலம், திருப்பரங்குன்றம், மதுரை சந்திப்பு, கூடல் நகர், சமயநல்லூர், சோழவந்தான். இந்த வரிசையில் தண்டவாளம் ஏற்கெனவே கிடக்கிறது. தெற்கே திருநெல்வேலி வரை இரட்டைப் பாதையாக 2024-இல் முடிந்தது. கிழக்கே சிலைமான், மானாமதுரை. மேற்கே உசிலம்பட்டி வழியாகத் தேனிக்கு 2022-லிருந்து மீண்டும் ரயில் ஓடுகிறது. நாலு திசையிலிருந்தும் வந்து நகரின் நட்ட நடுவில், பெரியார் பேருந்து நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இறக்குகிறது. மெட்ரோ தடத்தின் தென்பாதி கிட்டத்தட்ட இதே பாதைக்குப் பக்கத்தில்தான் போகிறது.

காலையில் இரண்டு, மாலையில் மூன்று என்று, மெமு எனப்படும் குறுந்தூர மின்சார ரயில்களை திருமங்கலத்துக்கும் சோழவந்தானுக்கும் இடையே விட்டால், புதிதாக எதையும் இடிக்காமல் ஒரு புறநகர் ரயில் கிடைத்துவிடும். சாதாரணக் கட்டணம் 10 ரூபாயில் தொடங்குகிறது. அலுவலகம் போகிறவருக்கு சீசன் டிக்கெட் அதைவிட மலிவு.

குறை என்ன? தண்டவாளம் நம்முடையதல்ல. விரைவு ரயிலுக்கு வழிவிட்டு லோக்கல் ரயில் வெளியே நிற்பது நமக்குப் பழகிய காட்சி. முடிவெடுப்பவர் சென்னையில் இருக்கிறார், மாநகராட்சிக்கு அங்கே குரல் இல்லை. நிலையங்கள் குறைவு, பசுமலைக்கும் பழங்காநத்தத்துக்கும் நிறுத்தமே இல்லை. வைகைக்கு வடக்கே கே.கே.நகர், அண்ணா நகர், மாட்டுத்தாவணி எல்லாம் தண்டவாளத்திலிருந்து வெகு தூரம். மதுரை சந்திப்பைப் புதிதாகக் கட்ட 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். அந்தப் புதுக்கட்டடத்திலிருந்து பஸ்ஸுக்கு வெயில் படாமல் நடக்க வழி இருந்தால் இந்தத் தேர்வின் மதிப்பு இரட்டிப்பாகும்.

திருமங்கலம், திருப்பரங்குன்றம், சமயநல்லூர், சிலைமான்காரர்களுக்கு இதுவே முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும். மற்றவர் இதைத் தாண்டிப் போகலாம்.

## டவுன் பஸ், மினி பஸ்

இந்த நகரத்தின் பெரும்பாலான ஏழைகளும் அநேகமாக எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் இன்று போவது இதில்தான். ஆகவே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

மதுரையில் பேருந்துத் தடங்கள் சக்கரத்தின் ஆரக்கால்போல இருக்கின்றன. எங்கிருந்து கிளம்பினாலும் பெரியாருக்கோ மாட்டுத்தாவணிக்கோ போக வேண்டும். 1999-இல் வெளியூர்ப் பேருந்துகளை மாட்டுத்தாவணிக்கு மாற்றினார்கள். ஊருக்குள் நெரிசல் குறைந்தது. ரயிலில் வந்தவர் வெளியூர் பஸ் பிடிக்க ஆறேழு கிலோமீட்டர் போகும் செலவும் அன்று பிறந்தது. அந்தச் செலவை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதவில்லை. பிறகு காய்கறிச் சந்தையும் பூச்சந்தையும் அங்கே போயின. பெரியார் நிலையத்தை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இடித்துக் கட்டி 2021-இல் திறந்தார்கள். கட்டி முடியும் வரை பஸ்கள் சுற்றுத் தெருக்களில் நின்றன, எந்தத் தெருவில் எந்த பஸ் என்று தேடியே எங்கள் ஆண்டுகள் போயின. நவீனமாக்குவது என்றால் நமக்கு இதுவரை கட்டடம் என்றுதான் பொருள். நிலையம் புதிதாகிறது, அதற்குள் வரும் பஸ்ஸின் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது.

எங்கள் பக்கத்துத் தெருவிலிருந்து வில்லாபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு அக்கா, பூக்கட்டி விற்பவர். மல்லிகை வாங்க விடியலுக்கு முன்பே மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் இருக்க வேண்டும். எட்டு கிலோமீட்டர் இருக்கும். மெட்ரோ பற்றி நான் நீளமாக விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது காலையில் எத்தனை மணிக்குத் தம்பி கிளம்பும்?" என்றார். சென்னையில் ஐந்து மணிக்கு என்றேன். "ஐந்து மணிக்கு நான் பாதிப் பூவைக் கட்டி முடித்திருப்பேனே" என்று சிரித்தார். அந்த நேரத்துக்கு அவருக்கு பஸ்ஸும் இல்லை. ஷேர் ஆட்டோவில் நாலு பேர் சேர்ந்து போகிறார்கள். இலவச பஸ் இருக்கிற ஊரில் அவர் தினமும் போகக் காசு கொடுக்கிறார்.

ஒரு சிறு கணக்கு. வில்லாபுரத்திலிருந்து அண்ணா நகருக்குத் தையல் வேலைக்குப் போகிறவர் என்று வைத்துக்கொள்வோம். நிறுத்தத்துக்கு நடை 8 நிமிடம், காத்திருப்பு 15, வண்டியில் 20, மாறுவதற்குக் காத்திருப்பு 12, அடுத்த வண்டியில் 15, இறங்கி நடை 5. மொத்தம் 75. இதில் வண்டி ஓடுவது 35 நிமிடம்தான், மீதி நாற்பதும் நிற்பதும் நடப்பதும். வண்டியை எவ்வளவு வேகமாக்கினாலும் அந்த நாற்பது அசையாது. பத்து நிமிடத்துக்கு ஒரு நேர் பஸ் விட்டால் மாற்றம் ஒழிகிறது, காத்திருப்பு சராசரியாக ஐந்து நிமிடமாகிறது. மொத்தம் 53. ஒரு கல்லைக்கூடப் பெயர்க்காமல் இருபத்திரண்டு நிமிடம். என் எண்கள் தோராயம்தான். உங்கள் பயணத்தை நீங்களே ஒரு வாரம் இப்படிப் பிரித்து எழுதிப் பாருங்கள்.

விலை? ஒரு மின்பேருந்து ஒன்றரைக் கோடி என்றே வைத்தாலும் ஒரு கிலோமீட்டர் மெட்ரோவின் மதிப்பீட்டில் இருநூறுக்கு மேல் வாங்கலாம். மத்திய அரசே 2023-இல் மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள ஊர்களுக்காக 10,000 மின்பேருந்துத் திட்டத்தை அறிவித்தது. பணம் இருக்கிற இடம் இருக்கிறது.

மறைந்த செலவு வாங்கிய பிறகு தொடங்குகிறது. ஒரு பஸ் காலையும் இரவும் ஓட, விடுப்பையும் சேர்த்து, டிரைவரும் கண்டக்டருமாகக் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். அவர்களை எடுக்காமல் பஸ்ஸை மட்டும் வாங்கினால் பணிமனையில் நிற்கும், நிறுத்தத்தில் நாம் நிற்போம். பெண்களின் கட்டணத்தை அரசு ஈடுசெய்கிறது. அந்த மானியம் ஒரு ஆண்டு சுருங்கினால் முதலில் போவது இரவு நடை, அதிகாலை நடை. அறிவிப்பு எதுவும் வராது, பஸ் வராது, அவ்வளவுதான். இந்த வழியின் உண்மையான பலவீனம் இதுதான்: மெட்ரோவை மூட முடியாது, பஸ்ஸைச் சத்தமில்லாமல் குறைக்க முடியும். போதாததற்கு, பஸ் விட்டால் கல்வெட்டு வைக்க இடமில்லை.

சந்துகளுக்கு மினி பஸ். 1997-இல் கிராமங்களுக்காகத் தொடங்கிய திட்டத்தை 2025 ஜூன் மாதம் புதிய விதிகளோடு விரிவுபடுத்தினார்கள், ஒரு தடம் இப்போது 25 கிலோமீட்டர் வரை நீளலாம். தனியார் வண்டி, கட்டணம் உண்டு, கூட்டம் இல்லாத மதியத்தில் காணாமல் போகும். ஆனால் பெரிய பஸ் திரும்ப முடியாத ஆனையூர் உட்பகுதிகளுக்கு வேறு வழியில்லை.

திருவிழா அளவுகோலில் பஸ்ஸுக்கே முழு மதிப்பெண். அழகர் வரும் தடத்தை விட்டு விலகிப் போகச் சொன்னால் போகும். அழகர் மலைக்குத் திரும்பிய மறுநாள் பழைய தடத்துக்கு வரும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | மெட்ரோ | தனித்தடப் பேருந்து | இருக்கும் ரயில் | டவுன் பஸ் பெருக்கம் |
|---|---|---|---|---|
| வாசல்–வாசல் நேரம் | கோட்டில் இருப்பவருக்குப் பெரும் லாபம் | சந்திப்புகளில் லாபம் | தெற்கு, மேற்குப் புறநகருக்கு லாபம் | காத்திருப்பும் மாற்றமும் குறையும் |
| பெண்களுக்குக் கட்டணம் | உண்டு | அரசு முடிவைப் பொறுத்தது | உண்டு, குறைவு | இல்லை |
| தெரு இழப்பது | அதிகம் | சாலை அகலத்தைப் பொறுத்தது | எதுவும் இல்லை | எதுவும் இல்லை |
| காத்திருக்கும் ஆண்டு | பத்தை ஒட்டி | இரண்டு, மூன்று | அனுமதி வந்தால் ஒன்று | ஒன்று |
| மறைந்த செலவு | நேர் பஸ் போவது, வாடகை ஏறுவது | தினசரிக் காவல் | குரல் இல்லாமை | பணியாளர், மானியம் |
| சித்திரைத் திருவிழா | மேம்பாதை அசையாது, கூட்டத்தைக் கொண்டுவரும் | தடம் மூடப்படும் | தடையில்லை | வளைந்து கொடுக்கும் |

## யார் எதைக் கேட்பது

திருமங்கலத்துக்காரர் ரயிலைக் கேளுங்கள், மெட்ரோவையும் விடாதீர்கள். கே.கே.நகர், மாட்டுத்தாவணி, ஒத்தக்கடை பக்கம் இருப்பவர் மேலூர் சாலையில் பஸ் தடத்தைக் கேட்கலாம், அங்கே இடம் இருக்கிறது, பிறகு மேம்பாலம் வந்தால் இருக்காது. பைபாஸ் ரோட்டுக்காரர்களான நாங்கள் இருநூறு மீட்டர் பெயின்ட் கேட்கப் போகிறோம். நாலு வீதிகளுக்குள் இருப்பவருக்கு இந்த நான்கும் இரண்டாம்பட்சம், நடக்க நடைபாதை கிடைத்தாலே பாதி வழி. வில்லாபுரம், அவனியாபுரம், செல்லூர், ஆனையூர்: பஸ், பஸ், பஸ்.

மனை வாங்கிப் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. மெட்ரோ வரும் என்று விலை ஏற்றிச் சொல்லும் தரகரிடம், இன்று அந்த மனையிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் அவர் அங்கே பஸ்ஸில் போனதில்லை.

மெட்ரோக் கதவு முழுதாக மூடிவிடவில்லை. 2027-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கிறது. புதிய எண்ணிக்கை வந்ததும் 20 லட்சம் என்ற வாதத்தை மறுபடி திறக்கலாம், திறக்கவும் வேண்டும். அப்போதும் தோண்டத் தொடங்க இன்னும் சில ஆண்டுகள், ஓடத் தொடங்க அதற்கு மேலும் சில ஆண்டுகள். அதுவரை அந்தத் தடத்தின் ஓரமாக நடைபாதையையும் பஸ்ஸையும் சரிசெய்தால் வீணாகாது, மெட்ரோ வந்தாலும் அதற்கு ஆள் கொண்டுவந்து சேர்ப்பது அவையே.

எங்கள் வார்டு கூட்டத்துக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கும் தாளில் மூன்று வரிகள்தான் இருக்கின்றன. பழங்காநத்தம் சந்திப்பில் பஸ்ஸுக்குப் பெயின்ட் அடித்த இருநூறு மீட்டர். அவனியாபுரம், வில்லாபுரம், தெப்பக்குளம் வழியாக அண்ணா நகருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு நேர் பஸ். அதே தடத்தில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அதிகாலை மூன்று மணிக்கு ஒரு நடை. மூன்றாவது வரியை அக்காவிடம் படித்துக் காட்டினேன். மூன்று மணி தாமதம், இரண்டே முக்காலாக மாற்று என்றார். மாற்றிவிட்டேன்.